இரண்டு கை அகலம்

"கையை ஆட்டுறதப் பத்திப் படிக்கிறதுக்கு ஒரு பட்டமா?" என்று கேட்டார் பெரியப்பா.

எனக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்த செய்தியைச் சொல்ல, ஒரு டப்பா லட்டோடு அவர் வீட்டுக்குப் போயிருந்தோம். என் அப்பா தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டோடு நின்றவர். அம்மா அதையும் முடிக்கவில்லை. அக்காவை ஒரு பள்ளி கொஞ்ச நாள் வைத்துப் பார்த்துவிட்டு, அவளுடைய கைகள் மற்றப் பிள்ளைகளின் கவனத்தைக் கெடுக்கின்றன என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டது. ஆக, எங்கள் வீட்டில் படிப்பு என்று ஒன்றைத் தொடங்கி முடித்தவள் நான்தான். சிறப்புக் குழந்தைகளுக்கான தெரப்பி படிக்கப் போகிறேன், சிலர் ஏன் கையை உதறுகிறார்கள், ஏன் முன்னும் பின்னும் ஆடுகிறார்கள் என்பதெல்லாம் அதில் வரும் என்று பெருமையோடு விளக்கினேன். அதற்குத்தான் அந்தக் கேள்வி.

கேட்டபோது அவருடைய வலது கால் ஆடிக்கொண்டிருந்தது. முன்னாலிருந்த மேசை அதில் அதிர்ந்து, தேநீர்க் கோப்பை தட்டில் மெல்லக் கிணுகிணுத்தது. அதைப் பார்த்தேன். அன்றைக்கு எதுவும் சொல்லவில்லை.

அக்காவின் கைகளைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். மகிழ்ச்சி வந்தால் அவை இரண்டும் தோள் உயரத்துக்கு எழும்பும். கை கழுவிவிட்டுத் துண்டு கிடைக்காதவர்கள் உதறுவதுபோல, மணிக்கட்டிலிருந்து படபடவென்று உதறும். உடம்பு முன்னும் பின்னும் அசையும். தொண்டைக்குள்ளிருந்து ஒரே சுருதியில் 'ம்ம்ம்' என்று ஒரு முனகல் வரும். பயம் வந்தாலும் இதே கைகள்தான், இதே அசைவுதான். முனகல் மட்டும் மேலே ஏறும். இந்த வித்தியாசம் எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். வெளியில் யாருக்கும் தெரியாது. யாரும் கேட்டதுமில்லை.

அப்போது நாங்கள் ஜொகூர் பாருவை அடுத்த செனாயில் ஓர் அடுக்குமாடி வீட்டில் இருந்தோம். அப்பா தொழிற்சாலைப் பஸ் ஓட்டினார். அம்மா அந்தத் தொழிற்சாலைகளில் ஒன்றில் சின்னச் சின்ன மின்பலகைகளைச் சோதிக்கும் வரிசையில் உட்கார்ந்திருந்தார். அம்மாவுக்கு விடுமுறையான நாளில் வாஷிங் மெஷின் ஓடும். அது துணியைப் பிழியத் தொடங்கி வீடே அதிரும்போது அக்கா எங்கிருந்தாலும் ஓடிவருவாள். வயிற்றை அதன்மேல் ஒட்டிக்கொண்டு, கைகளைப் பறக்கவிட்டு, "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்பாள். அவள் அதிகம் பேசமாட்டாள். பேசிய சில சொற்களில் அவளுக்கு மிகவும் பிடித்தவை இந்த இரண்டும்தான். அம்மா சில நாள் காலி மெஷினைக்கூட அவளுக்காக ஒருமுறை சுற்றவிடுவார். மின்கட்டணத்தைப் பற்றி அப்பா வாயே திறக்கமாட்டார்.

வீட்டுக்குள் அப்படி. வெளியே போனால் வேறு கதை. அம்மா அக்காவின் இடது கையைப் பிடித்துக்கொள்வார், நான் வலது கையை. அதுதான் என் வேலை. சந்தையில், ஆஸ்பத்திரியில், பத்துமலைக்குப் போன பஸ்ஸில், எங்கும். கை எழும்ப முயன்றால் கீழே அழுத்த வேண்டும். என் வயதுப் பிள்ளைகள் தம் தங்கைகளைத் தூக்கிக்கொண்டு திரிந்தார்கள். நான் என்னைவிடப் பெரிய ஒருத்தியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு திரிந்தேன். இன்னொரு கை சும்மா இருந்ததால் அதன் நகங்களை ஒவ்வொன்றாகக் கடித்துத் துப்பினேன். அதை யாரும் ஒரு குறையாகச் சொன்னதில்லை. பெண் பிள்ளை நகம் கடித்தால் வீட்டுக்கு ஆகாது என்று பெரியம்மா எப்போதாவது கையைத் தட்டிவிடுவார், அவ்வளவுதான்.

பெரியம்மா அம்மாவின் சொந்த அக்கா. அன்பில்லாதவர் என்று சொல்ல முடியாது. டாக்டர் ஆட்டிசம் என்று சொன்ன நாளிலிருந்து அவர் ஏதாவது ஒரு வைத்தியத்தோடு வந்துகொண்டே இருந்தார். ஒருமுறை இரண்டு கைக்கும் முழங்கை வரைக்கும் கண்ணாடி வளையல் வாங்கி வந்து அக்காவுக்கு மாட்டிவிட்டார். உடைந்துவிடுமே என்ற பயத்தில் கை தானாக அடங்கிவிடும் என்பது அவருடைய கணக்கு. அக்கா ஒருமுறை கையை உதறினாள். வளையல்கள் சலசலத்தன. அவள் முகம் மலர்ந்த மலர்ச்சியை நான் இன்றும் மறக்கவில்லை. அதுவரை அவளுக்குச் சத்தமில்லாமல் ஆடிய கைகள், அன்றிலிருந்து சத்தத்தோடு ஆடின. பெரியம்மா தலையில் அடித்துக்கொண்டார். அம்மா வளையல்களைக் கழற்றவில்லை.

என் பத்தாவது வயதில் நடந்த தோட்டத்துத் திருவிழாவுக்கு வருகிறேன். பெக்கான் நானாஸ் போகும் வழியில், அன்னாசித் தோட்டங்களைத் தாண்டி, ஒரு செம்பனைத் தோட்டத்துக்குள் மாரியம்மன் கோவில் ஒன்று இருக்கிறது. அங்கே வேலை செய்த தமிழர்கள் எல்லாரும் எப்போதோ நகரங்களுக்குப் போய்விட்டார்கள். கோவில் மட்டும் போகவில்லை. ஆண்டுக்கொரு முறை சனங்கள் கார்களிலும் வேன்களிலும் திரும்பி வந்து, ஒரு நாள் முழுக்கச் சொந்தம் கொண்டாடிவிட்டுப் போவார்கள். நான் அந்தத் தோட்டத்தில் வாழ்ந்தவளில்லை. எனக்கு அது கொசுக்கடியும் நல்ல சாப்பாடும் கிடைக்கும் ஓர் இடம், அவ்வளவே.

கோவில் குழுவுக்குப் பெரியப்பாதான் தலைவர். அந்த ஆண்டு அவருடைய மகனுக்குப் பெண் பேசியிருந்தார்கள். பெண் வீட்டார் ஜொகூர் பாருவில் கடை வைத்திருக்கும் வசதியான செட்டிநாட்டுக் குடும்பம். இரண்டு பிள்ளைகளும் தாங்களே பார்த்துப் பிடித்துப்போன சம்பந்தம், அதனால் பெரியவர்களுக்கிடையே இன்னும் ஓர் உரசல் இருந்தது. அவர்கள் முதன்முறையாக எங்கள் திருவிழாவுக்கு வருகிறார்கள். விழாவுக்கு முந்தின வாரம் பெரியம்மா எங்கள் வீட்டுக்கு வந்து, கழுத்துச் சங்கிலியை உதட்டின்மேல் இப்படியும் அப்படியும் உரசிக்கொண்டே, சுற்றி வளைத்துப் பேசினார். யோசிக்கும்போதெல்லாம் அவர் அப்படித்தான் செய்வார். கடைசியில் விஷயத்துக்கு வந்தார்.

"சம்பந்தி வீட்டுக்காரங்க வர்றாங்க. இவள வீட்ல விட்டுட்டு வந்தா நல்லது. இல்லன்னா அந்தக் கைய மட்டும் கொஞ்சம் அடக்கி வை."

பிறகு தனக்கே கேட்கக் கூடாததுபோலக் குரலைத் தணித்து, ரத்தத்தில் ஏதோ இருக்கிறது என்று பெண் வீட்டார் நினைத்துவிட்டால் மகனின் கல்யாணம் நின்றுவிடும் என்றார். அம்மா வீட்டில் விட முடியாது என்றார். கைக்குத் தானே பொறுப்பு என்றார். பெரியம்மா போன பிறகு என்னைக் கூப்பிட்டு, அன்றைக்கு மட்டும் பிடியை விடவே கூடாது என்று சொன்னார். ஒரு கல்யாணமே என் உள்ளங்கையில் இருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

காலையெல்லாம் எல்லாம் சரியாகத்தான் போனது. சமையல் கொட்டகைக்குப் பின்னால், யார் கண்ணிலும் படாத ஓரிடத்தில் எங்களை உட்காரவைத்திருந்தார்கள். அம்மாவைக் காய்கறி நறுக்கக் கூப்பிட்டதால் அக்காவின் இரண்டு கைகளும் என் பொறுப்பாயின. அவளும் அமைதியாக இருந்தாள். சந்நிதிக்கு முன்னால் நாற்காலியில் அந்தச் சம்பந்தி அம்மா உட்கார்ந்திருப்பது தூரத்தில் தெரிந்தது. தக்காளி நிறப் பட்டுப்புடவை. அவருக்குப் பக்கத்தில் பெரியம்மா, வெயிலில் நின்றுகொண்டு விசிறிக்கொண்டிருந்தார். யாருக்கு விசிறினார் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

பிறகு உறுமி மேளக் குழு வந்தது. ஒரே நிறத்தில் சட்டை போட்ட இளைஞர்கள், நீள வரிசையாக. அந்த வாத்தியத்தின் சத்தம் காதுக்கு வருவதற்கு முன் நெஞ்சுக்கு வந்துவிடும். வளைந்த குச்சியால் தோலைத் தேய்க்கத் தேய்க்க, தரைக்குள் ஏதோ உறுமுவதுபோல இருக்கும். நான் அக்காவைப் பார்த்தேன். அவள் நிமிர்ந்துவிட்டாள். ஊரிலுள்ள வாஷிங் மெஷின்கள் எல்லாம் ஒன்றுசேர்ந்து வந்து அவளைக் கூப்பிட்டதுபோல இருந்திருக்க வேண்டும்.

அந்த நேரம் பார்த்து யாரோ ஓர் அண்ணன் சிராப் என்கிற சிவப்புச் சர்பத் கலந்த தண்ணீரைப் பிளாஸ்டிக் பையில் கட்டி என்னிடம் நீட்டினார். அதை வாங்க எனக்கு ஒரு கை வேண்டும், உறிஞ்சுகுழலைச் சொருக இன்னொரு கை வேண்டும். கையை எடுத்தேன். அதற்காக நான் இன்றுவரை ஒரு நொடியும் வருந்தியதில்லை.

நான் நிமிர்ந்து பார்த்தபோது அவள் மேளத்துக்கு முன்னால் இருந்தாள். ஓடிய ஓட்டத்தில் பின்னல் அவிழ்ந்து முதுகெல்லாம் முடி. கைகள் இரண்டும் தோளுக்கு மேலே பறந்தன. வளையல்கள் உடைந்து தெறித்தன. உடம்பு மேளத்தின் தாளத்தில் முன்னும் பின்னும் ஆடியது. முகத்தில், வாஷிங் மெஷினுக்கு முன்னால் எனக்கு மட்டும் தெரிந்த அதே சந்தோஷம்.

நான் பையோடு பின்னாலேயே ஓடிப்போய், கூட்டத்தின் ஓரத்தில் நின்று பெரியம்மாவைப் பார்த்தேன். கல்யாணம் நின்றுவிட்டது என்றுதான் நினைத்தேன். ஆனால் கூட்டத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

"அம்மா வந்துட்டா!"

யாரோ குலவையிட்டார்கள். அதைத் தொடர்ந்து இன்னும் பலர். பூசாரி வேப்பிலையோடு ஓடிவந்தார். மேளக்காரர்கள் அக்காவைச் சுற்றி அரைவட்டமாக நெருங்கி, தாளத்தை ஏற்றினார்கள். ஒரு பெண் குடத்து மஞ்சள் தண்ணீரை அவள் காலில் ஊற்றிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். எல்லாருக்கும் முன்னால் எழுந்து வந்து கைகூப்பியவர் யார் என்றால், அந்தத் தக்காளிநிறப் பட்டுப்புடவைதான். சம்பந்தியே கைகூப்பிவிட்ட பிறகு பெரியம்மா என்ன செய்வார்? விசிறியைக் கீழே போட்டுவிட்டு அவரும் கைகூப்பினார். பக்கத்திலிருந்தவரிடம், "எங்க தங்கச்சி மகதான்" என்று சொன்னதை நான் என் காதால் கேட்டேன். என் வாழ்நாளில் அவர் அப்படி ஒரு வாக்கியத்தை வெளியாரிடம் சொன்னது அதுதான் முதல்முறை.

"தாயே, இந்தச் சம்பந்தம் நல்லபடியா நடக்குமா?" என்று சம்பந்தி அம்மா கேட்டார்.

அக்கா மேளத்தைப் பார்த்து, "இன்னும் கொஞ்சம்" என்றாள். "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்."

இன்னும் கொஞ்ச காலம் பொறுக்கச் சொல்கிறாள் அம்மன் என்று பூசாரி விளக்கம் சொன்னார். சம்பந்தி அம்மாவின் கண்ணில் நீர் வந்துவிட்டது. எனக்குச் சிரிப்பு வந்தது. சிராப் மூக்கில் ஏறிவிட்டது.

அப்போதுதான் அம்மா வந்தார். கையில் நறுக்கிய கத்தரிக்காயின் கறை. கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்த வேகத்தைப் பார்த்து, நேராக அக்காவின் மணிக்கட்டைப் பிடித்து இழுக்கப்போகிறார், பிறகு எனக்கு ஓர் அறை விழப்போகிறது என்று தயாரானேன். அம்மா அக்காவிடம் போய் நின்றார். அவள் முகத்தைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அவளுக்கு முதுகைக் காட்டித் திரும்பி, தன் இரண்டு கைகளையும் அகல விரித்துக் கூட்டத்தைப் பார்த்து நின்றார்.

"தள்ளி நில்லுங்க. யாரும் தொடாதீங்க. இடம் விடுங்க."

கூட்டம் தள்ளி நின்றது. அம்மா ஒரு வார்த்தை சொல்லி நாலு பேர் கேட்டதை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. தொழிற்சாலையில் மேற்பார்வையாளரிடம், ஆஸ்பத்திரியில் முன்மேசையில், அக்காவை வைத்துக்கொள்ளாத பள்ளியில், எங்கும் அம்மா கேட்டுக்கொள்கிறவராகத்தான் இருந்தார். அங்கே அவர் விரித்த கைக்கு ஓர் ஊரே பின்வாங்கியது. உறுமி ஒலித்துக்கொண்டே இருந்தது. அம்மாவின் முதுகுக்குப் பின்னால், வெட்டவெளியில், அத்தனை பேருக்கு முன்னால், அக்காவின் கைகள் பறந்தன. அவற்றைக் கீழே இறக்கச் சொல்ல ஒருவரும் இல்லை.

எனக்கு அது பிடிக்கவில்லை. அம்மா பொய்க்குத் துணை போகிறார் என்று பட்டது. பள்ளியில் நன்னெறிப் பாடத்தில் நான்தான் முதல்.

பிறகு நடந்தது அந்த இடங்களில் வழக்கமாக நடப்பதுதான். அருள் வந்தவர்கள் விழுந்துவிடாமல் இருக்கப் பின்னாலிருந்து இடுப்பையும் கைகளையும் சேர்த்துப் பிடித்துக்கொள்வார்கள். அம்மா முன்னால் நின்ற கூட்டத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு பெண்கள் பின்பக்கமாக வந்து அக்காவைக் கட்டிப் பிடித்தார்கள். நல்ல எண்ணத்தில்தான். பூசாரி எரியும் சூடத்தை அவள் முகத்துக்கு அருகில் கொண்டுவந்து, வந்திருப்பது யார் என்று அதட்டினார். அக்காவின் முனகல் மேலே ஏறியது. அவள் தலையைப் பின்னால் முட்டத் தொடங்கினாள். அதைப் பார்த்து அருள் ஏறுகிறது என்று குலவையும் ஏறியது.

நான் சிராப் பையை எறிந்துவிட்டு உள்ளே ஓடினேன்.

"விடுங்க! அது சாமி இல்ல. அது எங்க அக்கா. வீட்ல வாஷிங் மெஷின் ஓடுனாலும் இப்படித்தான் செய்வா. பிடிச்சா அவளுக்கு வலிக்கும், விடுங்க."

மேளம் நின்றது. முதலில் ஒரு மேளம், பிறகு ஒவ்வொன்றாக. அந்தப் பெண்கள் சுட்டதுபோலக் கையை எடுத்தார்கள். யாரோ சிரித்தார்கள். வாஷிங் மெஷினாம் என்று யாரோ திருப்பிச் சொன்னார்கள். சம்பந்தி அம்மாவின் கூப்பிய கைகள் மெல்லப் பிரிந்து, எங்கே வைப்பது என்று தெரியாமல் புடவைத் தலைப்பைத் திருகத் தொடங்கின.

பெரியம்மா அம்மாவிடம் வந்தார். "சாமிய வச்சு விளையாடுறியா நீ? எல்லாரு முன்னாடியும் எங்க மானத்த வாங்கிட்டியே."

அம்மா அக்காவின் முடியைச் சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தார். திரும்பவில்லை. குரலை உயர்த்தவுமில்லை.

"சாமின்னு நானாக்கா சொன்னேன்? நீங்கதான சொன்னீங்க. நான் இடம் விடுங்கன்னுதான் சொன்னேன்."

சாப்பாட்டுக்குக்கூட நிற்காமல் புறப்பட்டோம். அப்பா தன் தொழிற்சாலைப் பஸ்ஸைத்தான் ஓட்டி வந்திருந்தார். அத்தனை பெரிய பஸ்ஸில் நாங்கள் நான்கே பேர். அப்பா எப்போதும்போல விரலால் ஸ்டியரிங்கைத் தட்டிக்கொண்டே ஓட்டினார். பழக்கத்தில் அக்காவின் வலது கையைப் பிடித்தேன். "விடு" என்றார் அம்மா. விட்டேன். அக்கா முன் இருக்கையின் கம்பியில் நெற்றியை வைத்து எஞ்சினின் அதிர்வைக் கேட்டுக்கொண்டு, மெல்ல, கீழ்ச்சுருதியில் முனகியபடி வந்தாள். அம்மா ஜன்னலுக்கு வெளியே ஓடிய அன்னாசி வரிசைகளைப் பார்த்தபடி அழுதுகொண்டு வந்தார். நான் உண்மையைச் சொல்லி அக்காவைக் காப்பாற்றியிருக்கிறேன், எனக்கு ஒரு பாராட்டுக்கூட இல்லை. பெரியம்மா திட்டியதற்காக இவ்வளவு அழவேண்டுமா என்று எனக்குக் கோபமாக வந்தது. மிச்சமிருந்த நகங்களையெல்லாம் அந்தப் பஸ்ஸில் கடித்து முடித்தேன்.

கல்யாணம் நிற்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். கொஞ்ச காலம் பொறுத்து நன்றாகவே நடந்தது. கல்யாண வரிசையில் சம்பந்தி அம்மா, அந்தப் பிள்ளை எங்கே, அவள் வாக்குப் பலித்தது என்று பெரியம்மாவிடமே சொன்னாராம். நாங்கள் போகவில்லை. அதன் பிறகு அம்மா எந்தத் திருவிழாவுக்கும் அக்காவை அழைத்துப் போகவில்லை. தானும் போகவில்லை.

பெரியப்பா கிண்டல் செய்த அந்தப் பட்டத்தை நான் வாங்கிவிட்டேன். இரண்டாம் ஆண்டில் எங்கள் விரிவுரையாளர் எங்களை ஒரு காத்திருப்புக் கூடத்தில் கொண்டுபோய் விட்டு, யாருடைய முகத்தையும் பார்க்காதீர்கள், கை கால்களை மட்டும் பாருங்கள் என்றார். பார்த்தேன். டை கட்டிய ஒருவர் பேனாவைச் சொடுக்கிக்கொண்டிருந்தார். ஒரு சீனப் பாட்டி மோதிரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தார். ஒரு பெண் முடி நுனியை விரலில் சுருட்டி அவிழ்த்தாள். ஒரு பையனின் செருப்பு தரையில் தாளம் போட்டது. அடங்கிக் கிடந்த கை ஒன்றுகூட அங்கே இல்லை. நான் என் நகங்களைக் குனிந்து பார்த்தேன். எப்போதும்போல, கடித்தது போக மிச்சமே இல்லை.

அக்காவுக்கும் அவர்களுக்கும் வித்தியாசமே கிடையாது என்று நான் சொல்லமாட்டேன். பேனாவைச் சொடுக்குகிறவர் மேலதிகாரியைக் கண்டால் நிறுத்திவிடலாம். அக்காவுக்கு வெளிச்சமும் சத்தமும் கூட்டமும் நம்மைவிடப் பலமடங்கு வேகமாக வந்து மோதுகின்றன. அவளுடைய கைகள்தான் அதைத் தாங்கிப் பிடிக்கின்றன. சந்தோஷத்தைச் சொல்வதும் அவைதான். அடக்கச் சொல்லி அடக்கினால், அந்த அடக்கத்துக்கே அவளுடைய தெம்பு முழுவதும் செலவாகிவிடும். தலையை முட்டிக்கொள்வது வேறு. அது வலி, அதற்கு உதவி வேண்டும். எதனால் முட்டுகிறாள் என்று பார்க்க வேண்டும். கையை உதறுவதற்கு எந்த உதவியும் வேண்டாம். இடம் இருந்தால் போதும்.

அக்கா இப்போது செனாயில் ஒரு டோபிக் கடையில் துணி மடிக்கிறாள். சுவர் முழுக்கப் பெரிய பெரிய மெஷின்கள். கடைக்காரர் ஒரு மலாய் அம்மா. அக்கா வேலையை நிறுத்திவிட்டுக் கைகளைப் பறக்கவிடுவதைப் பார்த்து ஒரு வாடிக்கையாளர் முகம் சுளித்தபோது, "பியார்லா, டியா சுகா" என்றார் அவர். விட்டுவிடு, அவளுக்குப் பிடித்திருக்கிறது என்று அர்த்தம். நான் பட்டம் வாங்கித் தெரிந்துகொண்டதை அந்த அம்மா மெஷினுக்குச் சோப்புப் போட்டுக்கொண்டே சொல்லிவிட்டார். எனக்கு அதில் பொறாமை இல்லை. என்னிடம் பிள்ளைகளைக் கொண்டுவரும் பெற்றோருக்குப் புரியவைக்க எனக்கு என் பட்டமும் வேண்டியிருக்கிறது.

நான் ஜொகூர் பாருவில் சிறப்புக் குழந்தைகளுக்கான ஒரு நிலையத்தில் வேலை செய்கிறேன். சென்ற ஆண்டு, நகராட்சி ஆட்களிடம் மலாயில் பேச ஆள் வேண்டும் என்று கோவில் குழுவில் என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். இந்த ஆண்டுக் கூட்டத்தில் நான் எழுந்து, உறுமி மேளம் வரும் பக்கத்தில் ஓரிடத்தைக் கயிறு கட்டி ஒதுக்க வேண்டும், எங்கள் நிலையத்துப் பிள்ளைகளும் என் அக்காவும் அங்கே நின்று விருப்பம்போல ஆடுவார்கள், யாரும் போய்ப் பிடிக்கக் கூடாது, கும்பிடவும் கூடாது என்று சொன்னேன்.

பெரியப்பா இன்னும் தலைவர்தான். "சனங்க கேக்கும்மா, இது சாமியா வியாதியான்னு. நான் என்ன பதில் சொல்றது?" என்றார். கால் மேசைக்கடியில் ஆடிக்கொண்டிருந்தது.

"ரெண்டும் இல்லன்னு சொல்லுங்க பெரியப்பா. அதுக்கு முன்னாடி ஒண்ணு. ஆடுற அந்தக் கால ஒரு நிமிஷம் நிறுத்திட்டுப் பேசுங்களேன்."

அவர் குனிந்து பார்த்தார். நிறுத்தினார். வாயைத் திறந்தார். எதையோ தொடங்கினார், விட்டார். மறுபடி தொடங்கினார். குழுவினர் காத்திருந்தார்கள். கடைசியில் தோற்றுப்போன கால் தானாக ஆடத் தொடங்க, அதோடு வார்த்தையும் வந்தது.

"சரி, கட்டிக்கோ. உன்கிட்ட யாரு பேசுறது."

பெரியம்மா பின்வரிசையில் சங்கிலியை உதட்டில் உரசிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சிரித்தாரா என்று எனக்குச் சரியாகத் தெரியவில்லை.

அன்றைக்கு அந்தப் பஸ்ஸில் அம்மா ஏன் அழுதார் என்று பத்து வயதில் எனக்குப் புரியவில்லை. அது சாமி இல்லை என்று அங்கிருந்த எல்லாரையும்விட நன்றாகத் தெரிந்தவர் அவர்தான். தெரிந்துகொண்டேதான் கையை விரித்தார். தன் மகளுக்காக அவர் காலமெல்லாம் கேட்டுக் கிடைக்காத ஒன்றை, அம்மன் பெயரில் ஊர் சில நிமிடங்கள் கொடுத்தது. அது பொய் என்று நான் சொன்னதும் திரும்ப வாங்கிக்கொண்டது. நான் சொன்னது சரிதான். இன்று அதே இடத்தில் நின்றாலும் அதையேதான் சொல்வேன். அம்மா விரித்ததும் சரி என்பதுதான் அப்போது எனக்குத் தெரியாமல்போயிற்று.

திருவிழா இந்த ஞாயிறு. நேற்று மாலை கழிகளை நட்டுக் கயிறு கட்டினேன். அம்மாவும் அக்காவும் கூட வந்திருந்தார்கள். அத்தனை ஆண்டுகளுக்குப் பிறகு அம்மா அந்த மண்ணை மிதிக்கிறார். கயிற்றைத் தூக்கி உள்ளே போனார். நடுவில் நின்று இரண்டு கைகளையும் அகல விரித்தார். விரித்தபடியே ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

"இன்னும் கொஞ்சம்" என்றார்.

அவிழ்த்து, தள்ளிக் கட்டிவிட்டேன்.